சத்திமுற்றப் புலவரின் நாரை: வங்காலைக் கரையில் எழுந்த ஓர் ஐயம்

பாட்டிலே பயின்ற பொருளைக் கண்ணாலே காணும் வாய்ப்பு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அரிதாகவே கிட்டுகின்றது. பங்குனித் திங்களின் கடைக்கூற்றில், புத்தாண்டு விடுமுறைக்கு முன்னர், உயர்தர வகுப்புத் தமிழ் மாணவர் இருபதின்மரோடு வங்காலைப் பறவைச் சரணாலயத்துக்குச் சென்றிருந்தோம். விடியலில் திருக்கேதீச்சரத்தை வழிபட்டு, வெயில் ஏறுமுன் மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியை அடைந்தோம். இக்கட்டுரை அச்செலவின் நாட்குறிப்பன்று. ஆங்கு மாணவன் ஒருவன் எழுப்பிய ஐயம், யான் பல்லாண்டுகளாகக் கற்பித்துவந்த ஒரு பாட்டை மீண்டும் எழுத்தெண்ணிப் படிக்கச் செய்தது. அப்படிப்பினால் விளைந்ததையே ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

நாரையை விளித்துச் சத்திமுற்றப் புலவர் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் தமிழறிந்தார் பலர்க்கும் மனப்பாடம். வறுமை துரத்த ஊரை விட்டுப் பாண்டியனின் கூடலை அடைந்த புலவன், உடுக்க ஆடையின்றி வாடையில் மெலிந்து, கைகளாலே மெய்யைப் பொத்திக் கிடக்கின்றான். செங்கால் நாரையை அழைத்து, நீயும் உன் பெடையும் தென்திசைக் குமரியில் நீராடி வடதிசை செல்வீராயின், எம்மூர் வாவியில் தங்கி, நனைந்த சுவரையுடைய வீட்டிலே பல்லியின் குரலுக்குச் செவிசாய்த்துக் காத்திருக்கும் என் மனைவிக்கு என்னைக் கண்டதாகச் சொல்லுங்கள் என்கின்றான். நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கு பிளந்தாற்போன்ற தோற்றத்தை உவமை கூறியதே இப்பாட்டின் பெரும்புகழுக்குக் காரணம். அவ்வலகுக்கு ஏற்ற உவமை யாதெனப் பலகாலும் எண்ணியிருந்த பாண்டியன், நகர்வலம் வந்தவிடத்து இப்பாட்டைக் கேட்டு மகிழ்ந்து, தன் மேலாடையைப் புலவன்மேல் எறிந்தான் என்றொரு கதையும் வழங்குகின்றது.

அக்கதை பாட்டுக்கு நன்மையும் செய்தது, தீமையும் செய்தது. மன்னன் உவமையை மெச்சினான். நாமும் உவமையை மெச்சியதோடு நின்றுவிட்டோம். உவமையின் நயம் கூறுக என்பதே தேர்வு வினாவாயிற்று. நாரையென்பது கொக்கு வகையைச் சேர்ந்ததொரு நீர்ப்பறவை என்று ஒரு வரியிற் சொல்லிவிட்டு அப்பாற் செல்வதே வகுப்பறை வழக்கம். அவ்வழக்கத்துக்கு யானும் விலக்கல்லேன்.

வங்காலைச் சரணாலயம் 2008ஆம் ஆண்டிலே பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் இலங்கையின் நான்காவது இராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 4,839 எக்டேயர் பரப்பினது. உவர்ச்சேற்று வெளியும், கண்டற்காடும், கடலோரத்து ஆழமில் நீரும் கலந்து கிடக்கும் அந்நிலம், வட ஆசியாவிலிருந்து இந்தியா வழியாக வரும் பறவைகளின் நெடுவழியில் ஏறத்தாழக் கடைசித் தங்குமிடம். 2021இல் மன்னாரிலே செய்மதிக் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகம் உருசிய நாட்டு வடதுருவக் கரைவரை சென்றமை பதிவாகியுள்ளது. மாரியில் ஆயிரக்கணக்கிற் காணப்படும் தாராக்கள் யாம் சென்ற நாளில் பெரும்பாலும் நீங்கிவிட்டன. நெற்றியிலே மஞ்சட் கோடு தீட்டினாற்போன்ற தோற்றத்தால் நாமத்தலை வாத்து எனப் பெயர்பெற்ற தாராக்கள் மட்டும் சிறு கூட்டமாக எஞ்சியிருந்தன. உள்ளான்களோ இன்னும் போகவில்லை. ஐப்பசியிலே சாம்பல் நிறத்தோடு வந்த வளைந்த அலகுடைய உள்ளான்களிற் சில, மார்பும் வயிறும் செங்கல் நிறம் பூண்டு நின்றன. மணக்கோலம் பூண்டபின்னரே அவை சைபீரியாவின் பனிவெளிக்குத் திரும்பும் என்று விளக்கினேன்.

எம்மிடம் இருந்த தொலைநோக்கிகள் இரண்டே. கைமாறிக் கைமாறிப் பார்த்துக்கொண்டிருந்த மாணவருள் ஒருவன், "ஐயா, அந்தா செங்கால் நாரை!" என்று கூவினான். அவன் காட்டியது நெடுங்கால் உள்ளான். கால் சிவப்பென்பது உண்மையே. அலகோ ஊசிபோல் மெலிந்து கறுத்திருந்தது. பாட்டிலுள்ள நாரைக்குக் கால் மட்டும் அன்று, கூரிய வாயும் பவளம்போற் சிவந்தது என்று நினைவூட்டினேன். அதன்பின் மாணவர்க்கு அதுவே விளையாட்டாயிற்று. பாட்டின் இரு குறிகளும் பொருந்தும் பறவையைத் தேடலாயினர். பூநாரைக்குக் கால் சிவப்பு. அலகு கூரியதன்று, நடுவிலே மடிந்து தொங்குவது. பவளக்காலி தன் பெயருக்கேற்பக் கால் சிவந்தது. அலகின் அடிப்பாதியே சிவப்பு, நுனி கருமை. சங்குவளை நாரையின் அலகு மஞ்சள். பெரிய ஆலா ஒன்றின் அலகு செம்பவளமாக ஒளிர்ந்தது. அதன் காலோ கருமை. வெயில் உச்சிக்கு வரும்வரை தேடியும், காலும் அலகும் ஒருங்கே சிவந்த கூரலகுப் பறவை ஒன்றும் கண்ணிற் படவில்லை.

படாமையே பாட்டுக்குப் பெருமை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிவந்த காலும் கூரிய சிவந்த அலகும் சேர்ந்தமைந்த பெருநாரை, வெண்ணிறவுடலும் கரிய சிறகோரமும் உடையதாய், வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு மாரியில் வருவது. இன்று பறவை நூலார் செங்கால் நாரை என்று வழங்குவதும் அதனையே. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடுகட்டுவது. பெரும்பகுதி ஆபிரிக்காவுக்கும், ஒரு பகுதி இந்தியாவுக்கும் குளிர்காலத்திற் செல்வது. புலவன் கூறிய இரு நிறமும் பொது வருணனை அல்ல. ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்லியிருப்பின் ஆற்றங்கரையிலுள்ள எத்தனையோ பறவைக்குப் பொருந்தும். இரண்டையும் சொன்னமையால் ஒன்றற்கே பொருந்துகின்றது.

பழம்புலவர் நீர்ப்பறவைகளை ஒன்றோடொன்று மயங்கவிட்டாரல்லர். குறுந்தொகை 25ஆம் பாட்டிலே, தலைவனும் தலைவியும் கூடிய பொழுது உடனிருந்த ஒரே சான்றாகக் கபிலர் நிறுத்தும் குருகின் கால், தினையின் தாள்போன்று சிறுத்துப் பசுமை பொருந்தியது. வங்காலையிலே தாம்போதியின் ஓரத்துப் பள்ளத்தில், அசையாது நின்று மீனுக்குக் குறிபார்த்த மடையானின் காலை மாணவர்க்குக் காட்டினேன்; மங்கிய பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். ஐங்குறுநூற்று நெய்தற் பகுதியில் அம்மூவனார் பாடிய வெள்ளாங்குருகுப் பத்திலோ குருகின் பிள்ளையைக் காணச் செல்வது நாரை. குருகு வேறு, நாரை வேறு என்பது அதனாலேயே பெறப்படும். கருப்பொருள் என்று அட்டவணையிட்டு மனப்பாடம் செய்விக்கும் நாம் தாம் இரண்டையும் கொக்கென்று ஒன்றாக்கிவிட்டோம்.

உவமையைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வுவமையை விளக்கவேண்டியதில்லை என்பர். யான் அவ்வாறு கருதவில்லை. இக்காலத்து மாணவர் பலர் அவித்த கிழங்கை உண்டறிவரேயன்றிக் கிழங்கு பிளத்தலைப் பார்த்தறியார். ஒடியலுக்காகப் பச்சைக் கிழங்கின் தோலை உரித்து நெடுக்காகப் பிளக்கும்போது, ஒரு முனை ஒட்டியிருக்க மறுமுனை விரிந்தால், அடி தடித்து நுனி கூர்ந்த இரு நீண்ட பிளவுகள் எதிரெதிரே நிற்கும். அலகு திறந்த நாரையின் வாய் அதுவே. எனவே உவமை நிறத்துக்கன்று. வடிவுக்கும் திறப்புக்கும் ஆயது. நிறத்தைப் பவளம் ஏற்றுக்கொள்கின்றது. இரண்டு ஒப்புமைகளும் தத்தம் வேலையைச் செய்ய, ஒன்று மற்றொன்றின் இடத்தை அபகரிக்கவில்லை. கிழங்கு சிவப்பா என்று வினவி இடர்ப்படுவோர் இதனை நோக்குவாராக.

இனி, ஐயத்துக்கு வருகின்றேன். உள்ளான்கள் இளவேனில் தொடங்கும் இக்காலத்தில் வடக்கே போகின்றன என்று யான் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, புலவர் வாடையில் அல்லவா நடுங்குகிறார்? வாடை வீசும்போது பறவைகள் வடக்கிலிருந்து தெற்கே வரும். அப்படியிருக்க வடக்கே இருக்கும் மனைவிக்குச் செய்தி சொல்ல அவற்றை ஏன் அழைக்கிறார்?"

வடகரையிற் பிறந்த பிள்ளைக்குக் காற்றைப் பற்றிக் கற்பிக்கவேண்டியதில்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயராலே ஆண்டைப் பகுத்த ஊரார் நாம். வாடையோடு வந்த பறவை சோழகம் தொடங்குமுன் போய்விடும். கவிஞர்க்குக் காலக்கணக்கு வேண்டுவதில்லை என்று ஏதோ சொல்லி நழுவினேன். மாணவன் அவ்விடையை ஏற்றிலன், யானும் ஏற்றிலேன். நிறத்திலே இத்துணை நுட்பம் காட்டிய புலவன் திசையிலே கண்மூடினான் என்று எங்ஙனம் கொள்வது?

வீடு திரும்பியபின் பாட்டை இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்தேன். குமரியில் நீராடுதலைக் கூறும் சொல் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம். வடதிசை செல்லுதலைக் கூறும் சொல் ‘செல்வீராயின்’ என்றாற்போல நிபந்தனைப் பொருளில் நிற்பது. நீராடுதல் வடக்கே செல்லுதற்கு முற்பட்டதென்பதே அவ்வினையெச்சத்தாற் பெறப்படும். புலவன் பேசுங்காலத்துக்கு முற்பட்டது என்பது பெறப்படாது. நீராடி முடித்துத் திரும்பும் நாரையை அவன் பார்க்கின்றான் என்று நாம் தாம் இதுகாறும் கருதிவந்தோம். பாட்டு அவ்வாறு சொல்லவில்லை. நீராடலும் வடசெலவும் ஆகிய இரண்டுமே இனி நிகழவேண்டியவை என்று கொள்ளுதற்கு இலக்கணத்தில் தடையில்லை. அவ்வாறாயின் புலவன் காண்பது குமரியை நோக்கித் தெற்கே போகும் நாரையை. வாடையும் பொருந்துகின்றது, திசையும் பொருந்துகின்றது. பனங்கிழங்கு பாத்தியிலிருந்து கிண்டப்படும் காலமும் மார்கழி, தையே. குளிரில் நடுங்குவோன் கண்முன் பிளந்த கிழங்கு கிடந்ததாக நினைப்பின் உவமை பிறந்த இடமும் தெரிகின்றது. இக்கடைசிக் கருத்தை முடிந்த முடிபாகக் கூறேன். கிழங்கை நினைப்பதற்குக் கிழங்குக் காலம் வேண்டுமென்பதில்லை.

குமரி என்னும் இடப்பெயரைப் பற்றியும் எண்ணவேண்டும். அது தீர்த்தம் என்பதனாலே புலவன் அதைச் சொன்னான் என்று உரைப்பர், உண்மையே. ஆயின் செங்கால் நாரை சிறகை அடித்துப் பறப்பதைக் காட்டிலும், வெயிலாற் சூடேறி எழும் காற்றிலே மிதந்து உயர்ந்து செல்வதையே விரும்புவது. அத்தகைய காற்று நிலத்தின்மேல் எழுவது. அகன்ற கடலின்மேல் எழுவதில்லை. ஆதலால் அப்பறவை பெருங்கடலைத் தவிர்க்கும். இலங்கையில் அது அருகியே காணப்படுவதற்கும் அதுவே காரணமாதல் கூடும். சின்னஞ்சிறு உள்ளான் கடலைக் கடந்து வங்காலைக்கு வந்து நிற்கின்றது. பேருருவுடைய நாரையோ அக்கரையிலே தங்கிவிடுகின்றது. நிலம் முடியுமிடமாகிய குமரியை அந்நாரையின் செலவுக்கு எல்லையாகப் புலவன் வைத்தது, அறிந்து வைத்ததோ அறியாது வைத்ததோ, பறவையின் இயல்புக்கு மாறானதன்று.

இவ்வளவும் ஒத்துவரும் பாட்டில் ஒத்துவராத ஒன்று உண்டு. நாரை தன் பெடையோடு செல்கின்றது என்கின்றான் புலவன். செங்கால் நாரைகள் செலவிலே கூட்டமாகப் போவன; ஆணும் பெண்ணும் இணையாகப் போவதில்லை. குளிர்காலத்தைத் தனித்தனியே கழித்து, இளவேனிலிலே பழைய கூட்டுக்குத் திரும்பி அங்கேயே சேர்வன. ஆகவே பெடை புலவனின் படைப்பு. கால், அலகு, திசை, எல்லை ஆகிய அனைத்திலும் பறவையை உள்ளபடி கண்டவன், இந்த ஓரிடத்திலே பறவையை விட்டுத் தன்னை வைத்தான். மனைவியைப் பிரிந்தவன் கண்ணுக்கு வானத்திலே தனிநாரை தெரியவில்லை. பறவையின் இயல்பை அறியாதவன் இதனை வழக்கமான அணியென்று கடந்துபோவான். அறிந்தவனுக்கே இது நெஞ்சைத் தொடும். இயற்கையை நன்குணர்ந்த புலவன் அதிலிருந்து விலகும் இடம் எதுவோ, அவ்விடத்திலே பாட்டின் உயிரைத் தேடவேண்டும் என்பது என் கருத்து.

மறுப்பு எழும் என்பதை அறிவேன். தனிப்பாடல்களின் பாடம் பலர் வாய்ப்பட்டு வந்தது. அதில் இத்துணைக் கணக்குப் பார்த்தல் தகுமா என்பர். தூது விடுதலே ஒரு மரபு, நாரையும் அன்னமும் நெஞ்சும் மேகமும் அதிலே வெறுங்கருவிகள் என்றும் கூறுவர். மரபைப் பொறுத்தவரை ஓர் ஒப்பீடு போதும். காளிதாசனின் மேகதூதத்திலே, இயக்கன் ஆஷாட மாதத்து முதல் நாளிலே மேகத்தைக் காண்கின்றான். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் காலம். மேகம் செல்லவேண்டிய திசை வடக்கு. காற்றும் திசையும் தூதுக்கு ஒத்துழைக்க, மேகம் உடனே புறப்படலாம். சாபம் நீங்க நான்கு திங்களே எஞ்சியுள்ளன என்று காலவரையும் செய்தியில் உண்டு. மரபு அங்கும் கண்ணைத் திறந்துகொண்டே இருந்தது. சத்திமுற்றப் புலவனின் தூதோ முதலிலே எதிர்த்திசையிற் போகவேண்டியது. குமரிவரை சென்று, குளிர்காலம் முழுதும் அங்கே மேய்ந்து, மாசியிலோ பங்குனியிலோ திரும்பி, அதன்பின்னரே சத்திமுற்றத்து வாவியில் இறங்கும். மார்கழியிற் சொன்ன சொல் பங்குனியிற் சென்றுசேரும். செய்தியிலோ நாளும் இல்லை, மீளுவேன் என்ற உறுதியும் இல்லை. உன் கணவனைக் கண்டோம் என்பதே செய்தி முழுதும். அந்தக் கண்டது எப்பொழுது என்று அவள் கேட்டால் நாரையிடம் விடை மூன்று திங்கட் பழையதாயிருக்கும்.

இரு பாட்டையும் நிறுத்து எது சிறந்ததெனத் தீர்ப்பளித்தல் என் நோக்கமன்று. காளிதாசனின் பாட்டு விரிவிலும் வளத்திலும் நிகரற்றது. ஆயினும் அதிலே தூது போய்ச் சேரும் என்ற ஐயமின்மை அடிமுதல் முடிவரை உண்டு. நம் புலவன் பாட்டில் அது இல்லை. பாணனையும் பாங்கனையும் அனுப்ப வகையற்ற ஏழை, தன் வழியிலே போகும் பறவையைக் கேட்கின்றான். அதுவும் நீங்கள் அப்பக்கம் போவதாயின் என்று தயங்கிக் கேட்கின்றான். அந்த ‘ஆயின்’ என்னும் சொல்லை வகுப்பிலே யான் ஒருநாளும் நிறுத்திப் படித்ததில்லை.

விடுமுறை கழிந்து இரண்டாந் தவணை தொடங்கியதும் இவற்றையெல்லாம் மாணவர்க்கு எடுத்துரைத்தேன். வினாவெழுப்பிய மாணவன் சிறிது பொழுது பேசாதிருந்தான். பின்பு, "அப்படியென்றால் நாரை போய்ச் சேரும்போது சுவர் காய்ந்திருக்குமே, ஐயா" என்றான்.

இதனை யான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. பங்குனியிலே காவிரி நாட்டில் மழை ஏது? நாரை வாவியில் இறங்கும் நாளில் அவ்வீட்டுச் சுவர் உலர்ந்து வெடித்திருக்கும். ஆயினும் பாட்டிலே, நாரை சென்று காணப்போகும் சுவர் நனைந்தே இருக்கின்றது. புலவன் தூதை அனுப்பியது வருங்காலத்துக்கு. அவன் கண் பார்ப்பது அன்றைய மழையில் நனையும் அன்றைய வீட்டை. பறவை தன் காலத்திலே மெல்லப் போகின்றது. அவன் நெஞ்சு அதற்குமுன் போய்ச் சேர்ந்து, கூரையின் கீழ், பல்லியின் ஒலிக்குக் காத்திருப்பவள் பக்கத்திலே நிற்கின்றது.